சாயங்கால அழுகையா? டின் பால் வாங்குமுன் இதைச் செய்யுங்கள்

என் மகளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, விளக்கு வைக்கும் நேரமானால் அழ ஆரம்பித்துவிடுவாள். இரண்டு வாய் குடிப்பாள், விலகி வீறிடுவாள், மறுபடி மார்பைத் தேடுவாள். "பால் பத்தலைம்மா, டின் பால் குடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் பாதி நம்பிவிட்டேன்.

முதலில், நனைந்த துணிகளை எண்ணுங்கள். பிறந்து ஐந்து நாள் தாண்டிய குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. மார்பு தளர்ந்திருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். டின் பால் கொடுத்தால் அந்த வேளைப் பால் மார்பிலேயே தங்கும். தங்கத் தங்க சுரப்பு குறையும்.

அடுத்து, பிடிப்பைப் பாருங்கள். என் மகளின் கீழுதடு உள்ளே மடிந்திருந்தது, எனக்கோ காம்பில் சுருக்கென்று வலி. அப்படியே இழுக்கக் கூடாது. வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து, மூக்குக்கு நேராகக் காம்பை வைத்துக் காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறக்கும்போது, குழந்தையை மார்போடு சேர்த்து அணையுங்கள். முகவாய் முதலில் படவேண்டும். காம்பு மட்டுமல்ல, கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகவேண்டும். விழுங்கும் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பால் பீய்ச்சியடித்துப் புரையேறினால், சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை மேலே போட்டுக் கொடுங்கள். குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுக்கவிடுங்கள்.

பிறகு பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். சென்னை வெயிலில் தொப்பியும் கையுறையும் எதற்கு? வியர்த்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்திலும் ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலிலேயே இருக்கிறது. கிரைப் வாட்டர், உரை மருந்து, வசம்பு எதுவும் வேண்டாம்.

சாயங்காலத்தில் அரை மணிக்கொரு தரம் கேட்டாலும் சலிக்காமல் கொடுங்கள். பல குழந்தைகள் அந்நேரத்தில் விட்டுவிட்டுக் குடிப்பார்கள். உங்களால் தாங்க முடியாமல் போனால், மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு இரண்டு நிமிடம் வெளியே நில்லுங்கள், வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைக் குலுக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.