கோ மொழியில் டெஸ்ட் ஃபைல் எங்கே இருக்கட்டும்?

ஜாவாவிலிருந்து கோ (Go) புரோகிராமிங் மொழிக்கு வருபவர்கள் முதல் வேலையாக, கோடைச் சோதிக்கும் டெஸ்ட்டுக்கென்று தனி ஃபோல்டர் திறந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வேண்டாம். கோடு உள்ள 'டாக்ஸ்.கோ' (tax.go) இருக்கும் ஃபோல்டரிலேயே அதன் டெஸ்ட்டான 'டாக்ஸ்_டெஸ்ட்.கோ'வையும் (tax_test.go) வையுங்கள். பெயர் '_டெஸ்ட்.கோ' என்று முடிந்தால் பில்டில், அதாவது உருவாகும் புரோகிராமில், அது சேராது, பயமில்லை. பேக்கேஜ் (ஒரே ஃபோல்டரில் இருக்கும் கோடு தொகுப்பு) பெயரும் ஒன்றாக இருந்தால், வெளியிலிருந்து கூப்பிட முடியாத, சிறிய எழுத்தில் தொடங்கும் உள் ஃபங்ஷன்களையும் நேராகக் கூப்பிட்டுச் சோதிக்கலாம். தனி ஃபோல்டரில் இது நடக்காது.

சரி, டெஸ்ட்டுக்கு வேண்டிய மாதிரித் தரவு ஃபைல்கள், ஜேசான், சிஎஸ்வி எல்லாம்? பக்கத்திலேயே 'டெஸ்ட்டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் (testdata: ஒரே சொல்லாக, எல்லாம் சிறிய எழுத்தில்). கோ கருவி அதை பேக்கேஜாக எடுத்துக்கொள்ளாது. டெஸ்ட் ஓடுவது அந்த பேக்கேஜ் ஃபோல்டரிலிருந்துதான், அதனால் 'டெஸ்ட்டேட்டா/டாக்ஸ்.ஜேசான்' என்று எழுதினாலே போதும். என் லேப்டாப்பின் முழுப் பாதையை எழுதிவைத்து, மற்றவர்களிடம் ஓடாமல் திருதிருவென்று முழித்திருக்கிறேன்.