டொமைன் பதிவு விவரங்கள்: யார் பார்க்கலாம், அரசு கேட்டால் என்ன ஆகும்?

டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, பதியும்போது நாம் தரும் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் நெடுங்காலம் ஹூயிஸ் (WHOIS) என்ற டொமைன் உரிமையாளர் பட்டியலில் எவரும் பார்க்கும்படி கிடந்தன. 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் (GDPR) என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான், டாட் காம் போன்ற பொதுப் பெயர்களில் தனிநபர் விவரங்கள் பரவலாக மறைக்கப்பட்டன.

முதலில், உலகளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டிப் பாருங்கள். ஹூயிஸின் இடத்தைப் பிடித்திருக்கும் ஆர்டேப் (RDAP) முறையில் பதில் வரும். அதில் உங்கள் முகவரியோ எண்ணோ தெரிந்தால், நீங்கள் டொமைனை வாங்கிய பதிவாளர் நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து, இந்த விவரங்களைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் தனியுரிமைச் சேவையை இயக்குங்கள். டாட் யுஎஸ் போன்ற சில நாட்டுப் பெயர்களில் இந்தச் சேவைக்கு அனுமதி இல்லை என்பதால், பெயரை வாங்கும் முன்பே விதியைப் படித்துவிடுவது நல்லது.

மறைக்கத்தானே போகிறோம் என்று பொய்யான விவரம் தராதீர்கள். விவரம் சரியா என்று பதிவாளர் கேட்டு, 15 நாட்களுக்குள் நீங்கள் பதிலளிக்காவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். உண்மையான, ஆனால் இதற்கென்றே தனியாகத் தொடங்கிய மின்னஞ்சலைக் கொடுங்கள்.

அடுத்த படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். தனியுரிமைச் சேவை பொதுமக்களின் கண்ணிலிருந்து மட்டுமே மறைக்கிறது. உண்மை விவரமும், நீங்கள் பணம் செலுத்திய தகவலும் நிறுவனத்திடம் அப்படியே இருக்கின்றன. காவல் துறையோ வேறு அரசு அமைப்போ கேட்கும்போது, தன் நாட்டுச் சட்டத்தின்படி முடிவெடுப்பது அந்த நிறுவனமே. 2023 நவம்பரில் ஐகேன் தொடங்கிய, மறைக்கப்பட்ட பதிவு விவரங்களைக் கேட்பதற்கான ஆர்டிஆர்எஸ் (RDRS) சேவையும் இத்தகைய கோரிக்கைகளைப் பதிவாளரிடம் சேர்க்குமே தவிர, விவரத்தைத் தரலாமா என்று தீர்மானிப்பதில்லை. ஆகவே நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையில் சட்ட அமலாக்கம் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள்: நீதிமன்ற ஆணை வேண்டும் என்கிறதா, அதிகாரியின் கடிதமே போதும் என்கிறதா, சட்டம் தடுக்காதபோது உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதாக உறுதி தருகிறதா? அங்கே தெளிவான பதில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு நிறுவனத்துக்கு மாறுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய ஹூயிஸ் பதிவுகளைச் சேமித்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒருமுறை வெளியான முகவரியைப் பிறகு மறைத்தாலும் அந்தப் பிரதிகள் அழிவதில்லை. எனவே புதிய டொமைனுக்குப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே தனியுரிமை இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள்.