குறுக்கெழுத்தில் விலங்கின் முடியைக் கேட்டால் எந்தச் சொல்லை எழுதுவது?

கும்பகோணத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் இருந்த தம்பி பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தான். குறிப்பு: "பாலூட்டிகளின் உடலை மூடியிருப்பது (4)". "முடின்னு எழுதினா ரெண்டு கட்டம் மிஞ்சுதுண்ணே" என்றான். அவனுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எழுத்தை எண்ணுங்கள்

தமிழ்ப் புதிரில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். 'ரோ' என்பதைக் கொம்பும் காலுமாக எழுதினாலும் அது ஒரே கட்டம்தான். புள்ளி வைத்த 'ம்' தனிக் கட்டம். ஆக முடி 2, மயிர் 3, ரோமம் 3, உரோமம் 4.

ரோமம், உரோமம் இரண்டும் ஒரே சொல்தான். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். அதனால் ராமன் இராமன் ஆனதுபோல் ரோமமும் உரோமம் ஆனது. கட்டத்துக்குத் தகுந்தபடி இதையோ அதையோ போடலாம்.

படி 2: மூன்று கட்டம் என்றால் நிதானம்

சிக்கல் இங்கேதான். மயிர், ரோமம், கேசம், கவரி எல்லாமே மூன்றெழுத்து. கேசம் மனிதரின் தலைமுடி. விலங்கைக் கேட்டால் அதை விட்டுவிடுங்கள். கவரி என்பது கவரிமாவின் முடி. கோயில் உற்சவத்தில் சுவாமிக்கு இரண்டு பக்கமும் நின்று வீசுகிறார்களே, அந்தச் சாமரம்தான். குறிப்பில் 'வீசுவது' என்றோ 'மானம்' என்றோ இருந்தால் கவரி. 969-ஆம் குறள் நினைவுக்கு வரவேண்டும்.

மயிர் என்று எழுதப் பலர் கூசுகிறார்கள். பேச்சில் வசையாகிவிட்டதால் வந்த கூச்சம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அது பழைய, நல்ல தமிழ்ச் சொல். மயிரிழையில் தப்பினான் என்று இன்றும் எழுதுகிறோம். கட்டத்தில் பொருந்தினால் தயங்காமல் எழுதுங்கள்.

இரண்டே கட்டம், குறிப்பில் குதிரையோ சிங்கமோ இருந்தால் 'உளை'. பிடரி மயிருக்குப் பெயர் அது.

படி 3: மேலிருந்து கீழ்ச் சொற்களைப் பிடியுங்கள்

தம்பியின் கட்டத்தில் முதல் எழுத்திலிருந்து கீழே இறங்கியது "சோழரின் பழைய தலைநகர் (4)": உறையூர். மூன்றாவது எழுத்திலிருந்து இறங்கியது "மதிலழகு (6)". திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு என்று கேட்டு வளர்ந்த பையன், சட்டென்று மன்னார்குடி என்றான். உ, ஒரு வெற்றுக் கட்டம், ம, இன்னொரு வெற்றுக் கட்டம். அவன் அதுவரை நினைத்துக்கொண்டிருந்த கம்பளி அடிபட்டுப் போனது. உரோமம் உட்கார்ந்தது.

படி 4: ஆங்கிலப் புதிராக இருந்தால்

அதே குறிப்புக்கு ஆங்கிலத்தில் ஆறு கட்டம் இருந்தால் பெரும்பாலும் 'பெலிஜ்': பி, ஈ, எல், ஏ, ஜி, ஈ. முடி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஓர் இழையைக் குறிக்காது. உயிருள்ள பாலூட்டியின் மேல் இருக்கும் முடி முழுவதையும், கம்பளி மயிரையும் சேர்த்து, குறிக்கும். கோடியக்கரையில் வெளிமானைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வளர்ந்த ஆண் மானுக்கு முதுகு கருத்து, வயிறு வெளுத்திருக்கும். பெண் மானும் குட்டியும் இளம் பழுப்பு. அந்தந்த மானின் முழுப் போர்வைதான் அதன் பெலிஜ். தமிழில் இதற்கு ஒரே சொல்லாக உரோமத்தைத்தான் வைத்துக்கொள்கிறோம்.

நாலு கட்டம், குறிப்பில் 'உரித்த' என்று வந்தால் 'பெல்ட்' (pelt): பி, ஈ, எல், டி. அது முடியோடு உரித்தெடுத்த தோல். முடி நீக்கிப் பதப்படுத்தி, தவிலுக்கு இழுத்துக் கட்டுகிற தோலுக்கு அந்தச் சொல் பொருந்தாது.