ஐம்பது ரூபாய்க்குள் வேலூரில் செய்யக்கூடிய உதவிகள்

பிறருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர், கையில் நாலு காசு சேரட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலூரில் இருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தேவையே இல்லை. வழி தெரியவில்லை, மொழி புரியவில்லை, படிவம் நிரப்பத் தெரியவில்லை, குடிக்கத் தண்ணீர் அருகில் இல்லை என்று தவித்து நிற்பவர்களை இந்த ஊரில் எந்த நாளிலும் பார்க்கலாம்; இவற்றில் எதையும் தீர்த்துவைக்க ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. எதிரில் நிற்பவருக்கு எது குறைகிறது என்பதை முதலில் பார்த்து, அதை மட்டும் செய்தால் போதும்.

முதலில் காட்பாடி ரயில் சந்திப்பிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்திருப்பதால், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா ஆகிய மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளும் அவர்களுடன் வருபவர்களும் நாள்தோறும் இங்கே இறங்குகிறார்கள். ஒரு தோளில் போர்வை மூட்டையும், மறு கையில் எக்ஸ்ரே உறையும் பழைய ரிப்போர்ட்டுகளும் திணித்த பிளாஸ்டிக் பையுமாக, நிலைய வாசலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பவர்களைக் கண்டால் நாமே போய்க் கேட்கலாம். இந்தியில் "கஹான் ஜானா ஹை?" என்றும், வங்காளியில் "கொத்தாய் ஜாபேன்?" என்றும் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். வங்காளியில் வலப்பக்கத்துக்கு "டான் திகே", இடப்பக்கத்துக்கு "பா திகே", நேராகப் போக "ஷோஜா" என்ற மூன்றையும் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வழியைச் சொல்லிவிடலாம். ஆண்களை "தாதா" என்றும் பெண்களை "தீதி" என்றும் அழைப்பது அவர்கள் வழக்கம். இவ்வளவும் நாக்கில் புரளவில்லை என்றால், பக்கத்தில் உருது பேசும் பாய் கடை எதுவாக இருந்தாலும் அங்கே அழைத்துப் போய் நிறுத்தினால், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

வழி சொல்லும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வாயால் சொன்னது பத்தடி நடந்ததும் மறந்துபோகும் என்பதால், ஒரு துண்டுச் சீட்டில் போக வேண்டிய இடத்தின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. அதை ஆட்டோ ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ காட்டினால் போதும். காட்பாடியிலிருந்து மருத்துவமனை ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதையும், பாகாயம் போகும் டவுன் பஸ் அதன் வழியாகவே செல்கிறது என்பதையும் சொல்லிவிட்டால், பேரம் பேசத் தெரியாமல் அவர்கள் இழக்கும் பணம் மிச்சமாகும். இந்த விடுதிக்குப் போங்கள், அந்த டாக்டரைப் பாருங்கள் என்று யோசனை சொல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். நிலையத்தில் அப்படிச் சொல்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக நம்மையும் நினைத்துவிட்டால், நாம் சொல்லும் சரியான வழியையும் நம்பாமல் போய்விடுவார்கள். மருத்துவமனையின் விசாரணைப் பிரிவு வரை வழி காட்டிவிட்டு விலகிக்கொள்வதே முறை.

தோட்டப்பாளையம் பக்கமும் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும், சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள அறைகளில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்கள் பல உண்டு. ஊர் திரும்பும் குடும்பம் வாளி, வாணலி, அரிசி, எண்ணெய் ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அன்றைக்கே புதிதாக வந்திறங்கும் குடும்பம் அதே பொருள்களைக் கடையில் காசு கொடுத்து வாங்கும். விடுதிக்காரரிடம் பேசி, படியடியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, போகிறவர்கள் விட்டுச் செல்வதை வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் யாருக்கும் செலவு இல்லை. பெட்டியை வாரம் ஒருமுறை பார்த்து, பிரித்துக் கெட்டுப்போன உணவுப் பொருளை அப்புறப்படுத்துவது மட்டுமே நம் வேலை. மருந்துகளை அந்தப் பெட்டியில் வைக்க ஒருபோதும் விடக் கூடாது.

மருந்து என்றதும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், மாத்திரை அட்டையின் பின்புறத்தில் மார்க்கரால் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுக்கலாம். சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு, பின் என்றால் சோறுள்ள தட்டு. மருத்துவர் சீட்டில் இருப்பதைப் பார்த்து வரைய வேண்டுமே தவிர, நமக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து மாத்திரையைப் பிரிக்கப் பழக்குவதும் இத்துடன் சேர்ந்ததே.

ரத்ததானத்துக்குச் செலவே கிடையாது, ஆனால் தயக்கம் நிறைய உண்டு. வெளியூர் நோயாளிக்கு அறுவை சிகிச்சை என்றால், ரத்தம் கொடுக்க உறவினர் என்று சொல்லிக்கொள்ள இங்கே யாரும் இருப்பதில்லை என்பதால், உள்ளூர்க்காரர் கொடுக்கும் ஒரு பை ரத்தத்துக்கு வேலூரில் தனி மதிப்பு உண்டு. 18 முதல் 65 வயது வரை உள்ளவர்கள், எடை 45 கிலோவுக்குக் குறையாமலும் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையாமலும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர்தான். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. தட்டணுக்கள் எனப்படும் பிளேட்லெட் ஐந்து நாள்களுக்கு மேல் கெடாமல் இருக்காது என்பதால், முகாம் நடக்கும் நாளில் எல்லாரும் சேர்ந்து கொடுப்பதைவிட, பெயரையும் ரத்த வகையையும் ரத்த வங்கியில் பதிந்துவைத்து அழைத்தபோது போவது பயனுள்ளது. பணம் பெற்று ரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. நோயாளியின் வீட்டார் வழிச்செலவுக்கு என்று நீட்டினாலும் வாங்கக் கூடாது.

கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் சூடேறி, இருட்டிய பிறகும் அனலை வீசும். இந்தக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல்களும் மோர்ப் பந்தல்களும் நிறையத் திறக்கப்படுகின்றன. திறப்பு விழா முடிந்த மறுநாள் பானை காலியாகவும், தலைவர்களின் படம் போட்ட ஃபிளெக்ஸ் மட்டும் நிறைவாகவும் இருப்பதையும் பார்த்திருக்கிறோம். பந்தல் போடாமலேயே இதைச் செய்யலாம். ஒரு லிட்டர் தயிரை நன்றாகக் கடைந்து ஐந்து லிட்டர் தண்ணீர் சேர்த்தால், சின்ன டம்ளரில் நாற்பது பேர் குடிக்கலாம். இதற்கு மட்டும் தனியாளாகச் செய்தால் ஐம்பது ரூபாய் போதாது, ஆகையால் தெருவில் இருவர் மூவராகச் சேர்ந்து முறை வைத்துக்கொள்வது நல்லது. உப்பு, தட்டிய இஞ்சி, கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை, துளி பெருங்காயம் போதும். தாளிக்கத் தேவையில்லை, எண்ணெய் மிதந்தால் சிலர் குடிக்கத் தயங்குவார்கள். தண்ணீர் காய்ச்சி ஆறவைத்ததாகவோ கேன் தண்ணீராகவோ இருக்க வேண்டும். நீண்ட காம்புள்ள கரண்டியால் நாமே மொண்டு ஊற்ற வேண்டும். டம்ளரைப் பானைக்குள் விட யாரையும் அனுமதிக்கக் கூடாது. பதினொரு மணிக்கு வைத்த மோர் மூன்று மணிக்கு மேல் புளித்துவிடும் என்பதால், மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

எங்கே வைப்பது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வருபவர்களுக்குக் குடிக்க ஏதாவது கிடைத்துவிடும். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்களுக்கும், நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் பேருந்துக்காக நிற்பவர்களுக்கும், உச்சிவேளையில் சாலையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களுக்கும் அது எளிதில் கிடைப்பதில்லை. இவர்களுக்கு வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதே சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவாகத்தான் நீர் அருந்த வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவமனை வாசலில் யாரையும் வற்புறுத்தக் கூடாது. மாடியில் பறவைகளுக்கு வைக்கும் மண்சட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால், டெங்குக் கொசுவை நாமே வளர்த்ததாகிவிடும்.

அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ போகும்போது இரண்டு பேனா எடுத்துச் செல்லலாம். முதியோர் உதவித்தொகை எடுக்க வந்த பாட்டி, "நைனா, இத்தக் கொஞ்சம் எழுதிக் குடேன்" என்று சீட்டை நீட்டினால், தொகையை அவர் காதுக்குக் கேட்கும்படி ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏ.டி.எம். அட்டையைக் கையில் வாங்குவதும் ரகசிய எண்ணைக் கேட்பதும் கூடாது. அவரே சொல்ல வந்தாலும் தடுத்துவிட வேண்டும்.

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தின் ஊடாகச் செல்வதால், விபத்தைக் கண்ணெதிரே பார்க்கும் நிலை நம்மில் யாருக்கும் வரலாம். போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என்ற அச்சத்தில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் உண்டு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. அவர் தம் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. முதலில் 108-ஐ அழைத்து, பக்கத்தில் உள்ள மேம்பாலம், சுங்கச்சாவடி, கிலோமீட்டர் கல் ஆகியவற்றில் ஒன்றை அடையாளமாகச் சொல்ல வேண்டும். ரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துண்டை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கழுத்தைத் திருப்புவதும், அவசரப்பட்டுத் தூக்கி உட்காரவைப்பதும் தண்டுவடத்தைப் பாழாக்கிவிடும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். உடன் வந்தவர்கள் பணத்துக்கு என்ன செய்வது என்று கலங்கி நின்றால் இதை அவர்களிடம் சொல்லலாம்.

இவை எதற்கும் வெளியே போக முடியாதவர்கள் பிடி அரிசி எடுத்துவைக்கலாம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டால், பிடிக்கு ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்தில் ஒன்றரைக் கிலோ சேரும். தெருவில் பத்து வீடுகள் சேர்ந்தால் பதினைந்து கிலோ. புழுங்கலையும் பச்சரிசியையும் ஒன்றாகக் கலந்துவிடாமல் தனித்தனி டப்பாவில் போட வேண்டும், ஏனெனில் இரண்டும் வேகும் நேரம் வேறு. வண்டு வராமலிருக்க நாலு காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு மூடி, மாதக் கடைசியில் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.