கல்லாவில் இருப்பவரைக் கேட்டீர்களா?

போன முறை புதுச்சேரி வந்தபோது நேரு வீதிப் பக்கம் ஒரு டீக்கடையில் மாஸ்டரைப் படம் எடுத்தேன். கேட்டுத்தான் எடுத்தேன். அவருக்கும் உற்சாகம் வந்து, டீயை மூன்று முறை உயரத் தூக்கி ஆற்றிக் காட்டினார். நான்காவது முறை கல்லாவிலிருந்து குரல் வந்தது: "எந்த சேனல் சார்?" நான் ஊருக்கு வந்தவன் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். திட்டு வாங்கியது மாஸ்டர்.

அதனால் முதலில் கல்லாவில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் சரி என்றபிறகு, படத்தில் விழப்போகிற ஆளையும் கேளுங்கள். ஒரு டீயோ கால் கிலோ முறுக்கோ வாங்கிவிட்டுக் கேட்டால் முகமே மாறும். நீள லென்ஸ் கேமராவை எடுத்தால் யூடியூப்காரர், இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்றுதான் நினைப்பார்கள். போனே போதும். அடுப்படிப் பக்கம் அதையும் திருப்ப வேண்டாம்.

கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் கஃபேக்களில் இந்தப் பயமெல்லாம் இல்லை. உங்கள் காபியையும் உங்கள் முகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ட்ரைபாட், மாற்றுடை என்று இறங்கினால்தான் ஷூட்டிங் கணக்கில் வரும். அதற்குக் காசு கேட்கும் இடமும் உண்டு, முடியாது என்கிற இடமும் உண்டு. முதல் நாளே பேசிவிடுங்கள். பக்கத்து மேசைக்காரர்கள் பின்னணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடை, ஜவுளிக்கடையில் டிசைன் போய்விடும் என்று தடுப்பார்கள். ஆனால் "அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டிக்கவா?" என்று கேட்டுப் பாருங்கள், சேல்ஸ்மேனே புடவையை விரித்துப் பிடிப்பார். வியாபாரமாச்சே. ஒயின் ஷாப் போர்டு வேடிக்கையாக இருக்கிறதென்று போனைத் தூக்காதீர்கள். கடலூரிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர் உள்ளே இருப்பார். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் கிடையாது, போனை அணைத்தே வைத்திருங்கள்.

எனக்குப் பிடித்த இடம் பெரிய மார்க்கெட். 1963இல் புதுச்சேரி முதலமைச்சரான குபேர் பெயர்தான் அதற்கு. ஆனால் ஆட்டோக்காரரிடம் பெரிய மார்க்கெட் என்றே சொல்லுங்கள். காலையில் போங்கள். உள்ளே வெளிச்சம் கம்மிதான், அதற்காக ஃபிளாஷ் போடாதீர்கள். அரிவாள்மனையில் மீன் வெட்டும் கை அது. கூடைக்கும் கூடைக்கும் நடுவே ஒரு ஆள் போகிற வழிதான் இருக்கும், நடுவில் நின்று ஃபிரேம் பார்த்தால் மூட்டை தூக்குகிறவர் வாயில் விழுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையிலும் இதே கதைதான்.

மீன்கார ஆயாக்களிடம் "ஆயா, ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்றால் பாதிப் பேர் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். மீதிப் பேர் "மீனை எடு, என்னை எதுக்கு?" என்பார்கள். அப்படிச் சொன்னால் மீனை மட்டும் எடுங்கள். அப்புறம், "அனுப்பறேன்" என்று சும்மா சொல்லாதீர்கள். நம்பர் இருந்தால் அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இல்லையென்றால் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, கிளம்புமுன் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் எடுத்து முடித்ததும் ஒரு ஆயா சங்கரா மீனைப் பையில் போட்டபடியே சொன்னார்: "போன வருசமும் ஒரு பாரீசுப் பொண்ணு எடுத்துக்கினு போச்சு. இன்னும் வரலை."