ரங்கூன் மாடிப்படிகளில் மசாலா விற்பது எப்படி

கோடை லீவு விட்டதும் ரங்கூனில் எங்கள் தாம்வே பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அக்கா, ரெண்டு மாசத்துக்கு ஏதாவது வேலை இருக்கா?" நான் கல்லூரியில் படித்தபோது 2018, 2019 இரண்டு கோடையிலும் வீடு வீடாகப் போய் விற்றிருக்கிறேன். முதல் வருஷம் ஏமாந்தேன். இரண்டாவது வருஷம் என் கட்டணத்தையும் தம்பியின் டியூஷன் காசையும் நானே கட்டினேன். தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏமாந்த கதை. 2018இல் தண்ணீர் வடிகட்டி விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முன்பணம் 50,000 சாட் (நம் பர்மியப் பணம்) கேட்டார்கள், கொடுத்தேன். மத்பொன்தின் என்கிற குடியுரிமை அடையாள அட்டையையும் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். மூன்று வாரத்தில் விற்றது ஒரே ஒரு வடிகட்டி, அதுவும் என் அத்தைக்கு. அட்டையைத் திரும்ப வாங்க நான்கு தடவை நடந்தேன். முன்பணம் வரவே இல்லை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அந்த அட்டைக்காக நம் பர்மாத் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை வருஷம் அலுவலகப் படி ஏறியிருக்கின்றன! அதை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். நகல் கொடுங்கள், போதும். விற்கிற ஆளிடம் முன்பணம் கேட்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள். உங்களிடம் வாங்குகிற பணத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள், பொருளில் இல்லை.

2019இல் பசுண்டாங்கில் ஒரு பெரியம்மா, நாலைந்து பெண்களை வைத்து மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். கறி மசாலா, சாம்பார்ப் பொடி, பட்டை கிராம்பு சேர்ந்த பிரியாணி மசாலா என்று மூன்று சரக்கு. 10 சாத்தா, அதாவது 163 கிராம் பாக்கெட் 1,200 சாட், எனக்கு ஒரு பாக்கெட்டுக்கு 250. விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எந்த வேலையிலும் சேர வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்போது சட்டப்படி ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 4,800 சாட். போக வர பஸ் 400. 21 பாக்கெட் விற்றால்தான் கூலிக்காரர் கையில் வருகிற காசு என் கையிலும் வரும். 21க்குக் கீழே எத்தனை நாள் போகிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். இப்போது விலைவாசி எங்கேயோ போய்விட்டது. எண்களை இன்றைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கு இதேதான்.

அப்புறம் பை. 100 சாத்தா ஒரு வீசை, அதாவது 1.63 கிலோ. 40 பாக்கெட் எடுத்தால் நாலு வீசை, ஆறரைக் கிலோ. நகரத்துக்குள் கட்டடங்கள் ஆறு மாடி, ஏழு மாடி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. மொத்தத்தையும் சுமந்து ஏறினால் மதியத்துக்குள் முழங்கால் போய்விடும். தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடித்து, கடைக்காரரிடம் சொல்லி, பெரிய பையை அங்கே வைத்துவிட்டு, பத்துப் பாக்கெட்டோடு மேல் மாடிக்குப் போங்கள். இறங்கிக்கொண்டே விற்க வேண்டும். உச்சி மாடியில் கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினால் எதிரே இருப்பவர் இரக்கப்படுவார். அந்த இரக்கம் உங்களுக்கு வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போகும் நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை. பஜாருக்குப் போன அம்மாக்கள் திரும்பியிருப்பார்கள், அடுப்பு பற்றியிருக்கும், இன்றைக்கு என்ன கறி என்ற யோசனை ஓடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் வெயிலில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எந்தக் கதவையும் தட்டாதீர்கள். ஃபேனுக்குக் கீழே கண் அசந்தவரை எழுப்பி மசாலா விற்க முடியாது. பிறகு மூன்றரையிலிருந்து ஐந்து வரை. 2021க்குப் பிறகு மின்வெட்டும் மற்றதும் சேர்ந்து மாலை நேரமே மாறிவிட்டது. இருட்டுவதற்கு முன்னால் வீட்டில் இருங்கள். பெண் பிள்ளைகள் இருவராகப் போங்கள், ஒருத்தி மாடியில், ஒருத்தி வாசலில். யார் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் உள்ளே போகாதீர்கள். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாம் முடியும். புதிய வார்டில் தொடங்கும்போது வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் குறையும்.

கதவு திறந்ததும் நான் முதலில் பேசுவது மசாலாவைப் பற்றி இல்லை. நம் வீடாக இருந்தால் "சாப்பிட்டாச்சா அத்தை?" பர்மிய வீடாக இருந்தால் "தமின் சா பீபீலா, ஆன்டி?" இரண்டும் ஒரே கேள்விதான், இரண்டு பேருக்கும் அதுதான் வணக்கம். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள் என்றால் அமா, அதாவது அக்கா. அப்பா வயது ஆணாக இருந்தால் ஊலே, அதாவது மாமா. பாக்கெட்டை வலது கையில் நீட்டும்போது இடது கை வலது முழங்கையைத் தொட்டிருக்க வேண்டும். சில்லறை கொடுப்பதும் அப்படியே. என்னோடு வந்த பெண் ஒருத்தி ஒரே வாரத்தில் இதை மட்டும் பழகினாள். முதலில் அவளைக் கம்பிக் கதவு வழியாகவே அனுப்பியவர்கள் பிறகு கதவைத் திறந்து பேசினார்கள்.

சிலர் "கலாமா" என்று கூப்பிடுவார்கள், இந்திய வம்சாவளிப் பெண் என்று அர்த்தம். சிலருக்கு அது வெறும் பழக்கம், சிலருக்கு வசவு. எனக்கு இரண்டும் வலிக்கும். நான் என் பர்மியப் பெயரைச் சொல்லி, "இப்படிக் கூப்பிடுங்க ஆன்டி" என்று அமைதியாகச் சொல்வேன். பெரும்பாலோர் அடுத்த வாரம் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்கள் வீட்டுக்கு நான் போகவில்லை. அந்த 250 சாட் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சரி, சரக்கு. நம் வீடுகளில் மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, சோம்பு வறுத்ததா பச்சையா என்று பரீட்சை வைப்பார்கள். அரைக்கும் இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போங்கள். தெரியாமல் விழித்தால் அந்தத் தெரு முழுக்கப் பேச்சு போய்விடும். பங்குனி உத்திர விரத நாட்களில் கறி மசாலாவை வெளியே எடுக்கவே கூடாது, சாம்பார்ப் பொடி மட்டும்தான். பர்மிய வீடுகளில் வேறு மாதிரி. அவர்கள் ஸீபியான் கறிக்கு வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள் போட்டு எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்குவார்கள். மசாலாவை நம்மைப்போல் அள்ளிப் போட்டால் கெட்டுப்போகும். "அரை வீசைக் கோழிக்கு ஒரு சின்னக் கரண்டி, இறக்கும்போது" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வரியைச் சொல்லாததால் என்னுடைய முதல் வாரத்து வாடிக்கைக்காரர்கள் பாதிப்பேர் மறுபடி வாங்கவில்லை. மொகல் தெருப் பக்கம் 2019இல் மே முதல் வாரத்தில் நோன்பு தொடங்கியது. சூலியா முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தமிழிலேயே பேசலாம். நோன்புக் கஞ்சிக்கும் பிரியாணிக்கும் பட்டை கிராம்பு மசாலா நன்றாகப் போனது. காலையிலேயே போய்விடுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

வாசனை காட்ட ஒரு சின்ன அலுமினிய டப்பா வைத்திருந்தேன். ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, சூடு ஏறியதும் கம்பி இடுக்கு வழியாகக் காட்டுவேன். டப்பாவை அப்படியே திறந்து நீட்டினால் தூள்தான் பறக்கும், வாசனை வராது. உள்ளங்கைச் சூட்டில்தான் ஏலக்காய் எழும்பும்.

இனி இந்த வேலையின் உயிரான விஷயத்துக்கு வருகிறேன். பர்மியர்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "யபாடே" என்பார்கள். பரவாயில்லை என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம். "நௌக்மா" என்றால் அப்புறம். அந்த அப்புறம் பெரும்பாலும் வராது. இதற்குப் பின்னால் இருப்பது ஆனாடே என்ற ஒன்று. அடுத்தவர் மனம் நோகுமே என்ற கூச்சம். நம்மிடமும் அது இருக்கிறது, வெயிலில் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத அத்தைகள் எத்தனை பேர்! இந்தக் கூச்சத்தைப் பிடித்துக்கொண்டு விற்கச் சொல்லித்தான் அந்த வடிகட்டிக் கம்பெனியில் பழக்கினார்கள். வாசலிலேயே நில், வியர்வையைத் துடை, படிப்புச் செலவைச் சொல், அவர்களால் மறுக்க முடியாது என்றார்கள். உண்மைதான், மறுக்க முடியாமல் வாங்குவார்கள். ஆனால் அடுத்த வாரம் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீட்டில் ஆளே இல்லாததுபோல் இருப்பார்கள். நான் அதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். எனக்குப் பயந்து ஒரு குடும்பம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதனால் "யபாடே" முதல் தடவை காதில் விழுந்ததும் சிரித்து, நன்றி சொல்லி, இறங்கிவிடுங்கள். அவர்கள் இரண்டாவது தடவை சொல்லும்படி வைக்காதீர்கள். போகும்போது "அடுத்த புதன்கிழமை இந்தத் தெருவுக்கு வருவேன், வேணும்னா கூப்பிடுங்க" என்பது போதும். நான்காவது புதன்கிழமை அவர்களாகவே கூப்பிட்ட வீடுகள் என் நோட்டில் நிறைய இருந்தன.

நோட்டுப் புத்தகம் கட்டாயம். தெரு எண், மேல் பிளாக்கா நடு பிளாக்கா கீழ் பிளாக்கா, எத்தனையாவது மாடி, படியேறியதும் இடது வீடா வலது வீடா, என்ன வாங்கினார்கள், என்ன சொன்னார்கள். "3ஆம் மாடி வலது, மருமகள் வாங்க ஆசை, மாமியார் இருக்கும்போது போகாதே" என்று கூட எழுதியிருக்கிறேன். நாய் இருக்கிற படிக்கட்டுக்கு ஒரு நட்சத்திரம்.

கயிறு இருக்கிற வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ரங்கூன் தெருக்களில் மாடி பால்கனியிலிருந்து கயிறுகள் தொங்குமே, கீழ் நுனியில் கிளிப்பும் மேலே மணியும் கட்டியிருக்கும். பேப்பரும் காய்கறியும் ஏறுவது அதில்தான். கீழ் பிளாக்கில் ஐந்தாம் மாடிப் பாட்டி ஒருவர் என்னை இரண்டு வாரத்துக்குப் பிறகு மேலே ஏறவே விடவில்லை. கயிற்றை இழுப்பேன், மேலே கிணி கிணி என்று கேட்கும், ஒரு தலை எட்டிப் பார்க்கும். கிளிப்பில் நோட்டுகள் மடித்து வரும். 10 சாத்தா பாக்கெட்டைக் கிளிப் தாங்காது, முதல் தடவை இரண்டாம் மாடி வரை போய் என் காலடியிலேயே விழுந்து உடைந்தது. அதன் பிறகு காதுள்ள சின்னப் பையில் போட்டு முடிச்சுப் போட்டே அனுப்பினேன். மீதிச் சில்லறை அதே பையில்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் வருவதற்கு நாலு நாள் முன்பே, அதாவது ஏப்ரல் 9 வாக்கில், விற்பனையை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் ஊற்றுகிறவர்கள் தேதி பார்ப்பதில்லை, நனைந்த பாக்கெட் நம் கணக்கில் போகும். ஊரும் காலியாக இருக்கும். புது வருஷம் முடிந்து, 20ஆம் தேதிக்கு மேல் தொடங்குங்கள். மே கடைசியில் மழை பிடித்தால் பொடி கட்டி தட்டும், அதனால் மீதியை மே மூன்றாம் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவது நல்லது. கணக்கு முடித்த தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசி வாரம் வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் போய், காலேஜ் திறக்கிறது, இனி வர மாட்டேன் என்று சொல்லி, பெரியம்மாவின் கடை இருக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் மாடிப் பாட்டிக்கு அந்தச் சீட்டைக் கயிற்றில்தான் அனுப்பினேன். சீட்டு மேலே போனது, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கயிறு மறுபடி இறங்கியது. பையில் 3,600 சாட்டும், தேய்த்துக் கழுவிக் காயவைத்து நான்காக மடித்த மூன்று காலி பாக்கெட்டும் இருந்தன.