குறட்டை அடங்கினால் போதாது: தூக்க மூச்சுத்தடையும் பல் மருத்துவரும்

திருமங்கலத்தில் லாரி வைத்து ஓட்டும் என் சித்தப்பாவின் குறட்டையை, உழைத்த உடம்பின் அசதி என்றே எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். கோடையில் எல்லோரும் மொட்டை மாடியில் வரிசையாகப் படுத்திருந்த ஓர் இரவில்தான் சித்தி எங்களை எழுப்பிக் காட்டினார். குறட்டை சட்டென்று நின்றது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தும் மூக்கிலும் வாயிலும் காற்றே போகவில்லை. பிறகு தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்ததுபோல் ஓர் இழுப்பு. இடைவெளியைக் கைப்பேசியில் அளந்தோம்: 22 நொடி.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றிய மென்தசையும் பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடுவதே இதற்குக் காரணம். மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றால் அதை மருத்துவர்கள் ஒரு தடையாகக் கணக்கில் கொள்வார்கள். ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கக்கூடும். மூளை திடுக்கிட்டு உடம்பை உசுப்புகிறது. தூங்குபவருக்கு இது எதுவும் நினைவில் இருப்பதில்லை. அதனால் முதல் சாட்சி எப்போதும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். அவர் எடுக்கும் இரண்டு நிமிட வீடியோ, நோயாளி அரை மணி நேரம் பேசுவதைவிட மருத்துவருக்கு அதிகம் உதவும்.

பகலில் தெரியும் அறிகுறிகளையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுவது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்கப் போவது, பேருந்தில் உட்கார்ந்ததுமே கண் சொருகுவது, மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதது ஆகியவை முக்கியமானவை. கழுத்துச் சுற்றளவு ஆணுக்கு 17 அங்குலத்தையும் பெண்ணுக்கு 16 அங்குலத்தையும் எட்டினால் ஐயம் வலுக்கிறது. ஆனால் ஒல்லியானவர்களுக்கு இது வராது என்பது தவறு. கீழ்த்தாடை உள்வாங்கியிருந்தால் மெலிந்த உடம்பிலும் வரும்.

இங்கேதான் பல் மருத்துவர் பயன்படுகிறார். சொத்தைப் பல்லுக்காக வாயைத் திறக்கும்போதே நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடங்கள், இரவில் நறநறவென்று கடித்ததால் தேய்ந்த பற்கள், குறுகி உயர்ந்த மேலண்ணம், பெருத்த டான்சில், பின்தள்ளிய தாடை ஆகியவை அவர் கண்ணில் படும். நீங்களாகவே குறட்டையைப் பற்றியும் சொல்லுங்கள். பல்லுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தயங்க வேண்டாம்.

எனினும் வாயைப் பார்த்து மட்டும் இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. நுரையீரல் மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தர வேண்டும். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையில் மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு, விரலிலும் மூக்கிலும் மார்பிலும் கருவி பொருத்தி வீட்டிலேயே செய்யும் சோதனையும் உண்டு. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண்ணை. அது 5 முதல் 15 வரை இருந்தால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. சித்தப்பாவுக்கு 24.

கடுமையான நிலைக்கு முதல் மருத்துவம், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் இயந்திரம்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் அறிமுகப்படுத்திய முறை இது. நோய் இலேசாகவோ நடுத்தரமாகவோ இருந்து வேறு வழியை விரும்புவோருக்கும், அந்த முகமூடியை எவ்வளவு முயன்றும் தாங்க முடியாதவர்களுக்கும் பல் மருத்துவர் செய்து தரும் தாடைக் கருவி ஏற்றது. மேல் பற்களிலும் கீழ்ப் பற்களிலும் மாட்டும் இரு தகடுகள் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும். தாடையோடு நாக்கும் முன்னே வர, மூச்சுக்கு வழி கிடைக்கும்.

கருவிக்கு அளவெடுக்கும் முன் வாய் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பற்கள் ஆடினாலோ ஈறு வீங்கியிருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யாமல் கருவி வேண்டாம் என்பதே சரியான பல் மருத்துவரின் பதிலாக இருக்கும். முழுப் பல் செட் வைத்திருப்பவர்களுக்குக் கருவி பிடித்து நிற்க இடமே இருக்காது. நம் பக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு: பல ஆண்டு பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறப்பே குறுகிவிடுகிறது. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாது, அந்த இறுக்கத்துக்கும் தனியாக மருத்துவம் பார்த்தாக வேண்டும்.

வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் ஆயத்தக் கருவியை இணையத்தில் வாங்கிச் சித்தப்பாவும் முதலில் ஏமாந்தார். மூன்றாம் இரவே அது வாயிலிருந்து நழுவித் தலையணையில் கிடந்தது. அளவெடுத்துச் செய்த கருவியில், தாடையை எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ அதில் ஏறத்தாழ பாதி அளவில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் திருகி முன்னேற்றுவார்கள். பொருத்தமான இடம் கிடைக்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அவசரப்பட்டு நீங்களே திருகினால் தாடை மூட்டு வலிக்கும்.

தொடக்கத்தில் எச்சில் வழியும், பல் கூசும். காலையில் கழற்றிய பிறகு கடைவாய்ப் பற்கள் சேராததுபோல் இருக்கும். சித்தப்பா முதல் வாரம் தோசையை முன்பல்லால் பிய்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொல்லித் தரும் கடிப்புப் பயிற்சியைச் செய்தால் சற்று நேரத்தில் தாடை பழைய இடத்துக்கு வரும். இரவில் கருவியை மாட்டும் முன் பல் துலக்கிவிடுங்கள். கருவியை மென்மையான பிரஷ்ஷாலும் சாதாரணத் தண்ணீராலும் கழுவுங்கள். பற்பசை அதைக் கீறும், வெந்நீர் வளைத்துவிடும். மதுரை வெயிலில் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தாலும் அதே கதிதான்.

கருவியோடு உடல் எடையைக் குறைப்பது, பக்கவாட்டில் படுப்பது, மதுவையும் மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரையையும் விடுவது ஆகியவையும் வேண்டும். குழந்தைகளின் குறட்டைக்கு இந்தக் கருவி அல்ல. டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையையும் பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெரும்பாலோர் தவறவிடுவது இதற்குப் பின் வரும் கட்டத்தைத்தான். கருவி பொருந்திய முதல் மாதத்திலேயே சித்தப்பாவின் குறட்டை அடங்கியது, வீடே நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் ஓசையின்றியும் மூச்சு நிற்கும் என்பதால், கருவியை மாட்டிக்கொண்டே தூக்கப் பரிசோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும் என்று பல் மருத்துவர் பிடிவாதமாக இருந்தார். அந்தச் சோதனையில் எண் 13ஆக இருந்தது. மேலும் ஒரு மில்லிமீட்டர் திருகி, ஆறு வாரம் கழித்துச் செய்த சோதனையில்தான் 4க்கு வந்தது. அதுவரை அவரை இரவில் லாரி ஓட்டச் சித்தி விடவில்லை. கன்னியாகுமரி சாலையில் விடியற்காலை மூன்று மணிக்குக் கண் அயர்வது எப்படி முடியும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது சித்தப்பா ஆண்டுக்கொருமுறை கருவியை அதன் டப்பாவோடு எடுத்துக்கொண்டு போய்ப் பல் மருத்துவரிடம் காட்டி, பற்கள் நகர்ந்திருக்கின்றனவா, தகடு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.